கடலடியில் புகையும் கல்

போன வாரம் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டை ஒட்டிய ஒரு வீட்டில் புதுக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்கப் போயிருந்தேன். மோட்டரைப் போட்டதும் முதலில் சேறு வந்தது, பிறகு கலங்கல், அதன் பிறகு கண்ணாடிபோலத் தெளிந்த நீர். அதோடு கூழ்முட்டை மணமும் வந்தது. வீட்டுக்கார அம்மா சட்டென்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்ன மிஸ் இது? உள்ளுக்க ஏதும் செத்துக் கிடக்குதோ?”

“இல்லையம்மா. கீழ இருந்து வாற வாயு. கொஞ்ச நேரம் காத்துப்பட விட்டா மணம் குறையும். எதுக்கும் சோதிச்சுப்போட்டுச் சொல்லுறன், அதுமட்டும் குடிக்காதேங்கோ.”

போத்தலை நிரப்பி மூடிய பிறகும் நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. குனிந்து இன்னொரு முறை மூச்சை இழுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இந்த மணத்தை ஆசையோடு முகரும் ஒருத்தி எனக்குச் சிநேகிதியாக இருந்தாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீ போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. ஆனால் அந்த முற்றத்தில் நின்றபோது, “ஐதரசன் சல்பைட்டடி, செல்வி! விடாதே, மணந்து பார்!” என்று நீ பக்கத்தில் நின்று சொல்வதுபோலவே இருந்தது.

நாம் முதலில் பேசிக்கொண்டது உடையார்கட்டில், மரநிழலில் நடந்த உயர்தர வகுப்பில். கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து வந்த பள்ளிக்கூடம் அது. கூரை உள்ள கொட்டில்கள் சின்ன வகுப்புகளுக்கே போதவில்லை. உன் வீட்டார் யாழ்ப்பாணத்தில் இருந்து, குளத்துக்குக் கீழே வயல்காணி கிடைத்து வந்து குடியேறியவர்கள். என் அப்பா கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டிக் குடிசை போட்டவர். ரீச்சர் கேட்ட ஏதோ கேள்விக்கு நான் “ஆமா” என்று பதில் சொன்னேன். பின்வரிசை வாங்கில் இருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இடைவேளையில் நீ நேரே என்னிடம் வந்தாய்.

“நீ ஏன் ‘ஓம்’ எண்டு சொல்லுறேல்லை?”

“எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவோம்.”

“வேற என்னென்ன சொல்லு வித்தியாசம்? சொல்லு பாப்பம்.”

கேலிக்குத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது, உனக்கு உண்மையாகவே அது தெரியவேண்டும். பள்ளி விட்டதும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு ஒரு சொல்லுக்கு ஒரு சொல் சொல்லிச் சொல்லி உன் வீட்டுப் படலை வரை வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் என் பேச்சைக் கேட்டு யாரும் சிரித்ததாக ஞாபகம் இல்லை. சிரித்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது, ஏனென்றால் நீ ஓயாமல் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தாய்.

எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் உனக்கு இருந்தது. மாமரத்தில் முசுறு எறும்பு கடித்து நான் குதித்துக்கொண்டிருந்தபோது, கடித்த முசுறைப் பிடித்து நசுக்கி நாக்கில் வைத்தாய். “புளிக்குதடி! இதுதான் அந்த அமிலம், புத்தகத்தில இருக்கிறது.” என் கை வீங்குவது பற்றி உனக்குக் கவலையே இல்லை.

ஒரு கோடையில் குளம் வற்றி, நடுவில் கொஞ்சம் தண்ணீரும் சுற்றிவரக் கறுத்த சேறுமாகக் கிடந்தது. நீ ஒரு தடியைச் சேற்றில் ஆழமாகக் குத்தி இழுத்தாய். குமிழிகள் கிளம்பின. கூடவே அந்தக் கூழ்முட்டை மணம். நான் ஓடப் பார்த்தேன். நீ கையைப் பிடித்து நிறுத்தினாய்.

“ரீச்சர் அழுகல் மணம் எண்டு சொல்லுறா. அழுகுது எண்டா என்ன? ஆரோ சாப்பிடினம் எண்டுதானே? இந்தச் சேத்துக்குள்ள காத்துமில்லை, வெளிச்சமுமில்லை. அங்க இருந்து ஆரடி சாப்பிடுகினம்?”

எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. உனக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது. பிறகு நீ செய்த வேலை எல்லாம் அந்தக் கேள்வியைத்தான் இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனது என்று இப்போது நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் முடித்து, புலமைப்பரிசில் கிடைத்து நீ நோர்வேக்குப் போனாய். நான் கிளிநொச்சியில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தொலைபேசி எடுக்கக் கிடைக்கும் நாட்களில் நீ உன் வேலையைப் பற்றிச் சொல்வாய். கடலின் அடித்தளம் பிளந்து விலகும் இடங்கள் இருக்கின்றன. அந்தப் பிளவுகளுக்குள் கடல்நீர் இறங்கி, கீழே உள்ள நெருப்புக் கற்களில் சூடாகி, கற்களைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. வெளியே வந்ததும் குளிர்ந்த நீரில் பட்டு, கரைந்தது எல்லாம் கருமையாகப் படிந்து புகைபோக்கிகளைப்போல உயர்கிறது.

“புகை மாதிரித்தான் இருக்கும், ஆனா புகையில்லை. கல்லுக் கரைஞ்ச வெந்நீர். அதைச் சுத்தி இறால், நத்தை, புழு எல்லாம் மொய்ச்சுக்கொண்டு நிக்கும்.”

“வெளிச்சம்?”

“மருந்துக்கும் இல்லை.”

“வெயிலே இல்லாம என்னத்தைத் தின்னுது எல்லாம்?”

நீ சிரித்தாய். “எங்கட குளத்து மணத்தைத்தான். அந்த வாயுவைச் சாப்பிட்டு வாழுற நுண்ணுயிர் இருக்கு. அதைச் சாப்பிட்டு மற்றதுகள். சூரியன் எண்ட சாமானைக் கேள்விப்படாத ஊரடி அது.”

உலகத்தில் உயிர் என்று ஒன்று முதன்முதலில் உண்டானது அப்படியான ஓர் ஊற்றருகே இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள் என்றாய். கல்லும் தண்ணீரும் சூடும் மட்டுமே இருந்த காலத்தில், இறந்ததாகவும் இல்லாத, உயிருள்ளதாகவும் இல்லாத ஏதோ ஒன்று எப்படி முதலில் பசித்தது? நீ அந்தச் சொல்லைத்தான் சொன்னாய், “பசிச்சது” என்று.

இவ்வளவு பேசுகிறவளுக்குக் கடல் ஒத்துவராது என்பது எனக்குப் பெரிய வேடிக்கை. கப்பல் துறைமுகத்தை விட்டதும் குமட்டி, நீ சத்தி எடுக்கத் தொடங்குவாய். நீந்தவும் தெரியாது. “நான் கடல் விஞ்ஞானி இல்லை. கடலுக்குக் கீழ இருக்கிற கல்லின்ர விஞ்ஞானி. நடுவில இந்தத் தண்ணி நிக்குது, என்ன செய்ய?” என்பாய். வாளியை மடியில் வைத்துக்கொண்டு, கமரா பூட்டிய ஆளில்லாத இயந்திரம் கீழிருந்து அனுப்பும் படத்தைப் பார்த்தபடி கட்டளை கொடுப்பாயாம்.

கடைசிச் சண்டை நடந்த மாதங்களில் நீ ஒரு கப்பலில் இருந்தாய். நாங்கள் உடையார்கட்டை விட்டுக் கிழக்கே கடற்கரைப் பக்கமாகத் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தோம். உன் அம்மாவும் அப்பாவும் எங்களோடுதான் வந்தார்கள். உன் அப்பாவை அந்த மணலில் புதைத்துவிட்டுத்தான் வந்தோம். அதை நான் உனக்குச் சொன்னது வவுனியா முகாமில் இருந்து, யாரோ தந்த ஒரு தொலைபேசியில்.

“நான் இறாலைப் பாத்துக்கொண்டிருந்தனான்” என்றாய். “கடலுக்குக் கீழ, அவ்வளவு ஆழத்தில, ஒரு இறாலின்ர மீசை அசையிறது வரைக்கும் எனக்குத் தெரிஞ்சது. உங்களை ஒருத்தரையும் பாக்க ஏலேல்லை.”

உன் அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்தேன்.

ஊருக்குத் திரும்பி, கூரை போட்டு, கிணற்றை இறைத்து, வயலை மறுபடி விதைத்து எல்லாம் ஓரளவு சரியாகிவந்த காலத்தில் உன் பெயர் பத்திரிகையில் வந்தது. கடலடி ஊற்றின் வெந்நீரில் நீ நீண்ட கொழுப்பமில மூலக்கூறுகளைக் கண்டிருந்தாய். உயிர்க்கலம் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மென்சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வைக் கட்டக்கூடிய பொருள் உயிர் எதுவும் இல்லாத வெந்நீரில் தானாகவே உண்டாகிறது என்றால், அது சின்னச் செய்தி அல்ல. இங்கே வானொலியில் சொன்னார்கள். ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் பத்திரிகையை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். நீ விடுமுறையில் வருகிறாய் என்று தெரிந்ததும் நாம் படித்த பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா ஒழுங்காகிவிட்டது.

விழாவுக்கு முதல்நாள் நீ என் வீட்டுக் குசினியில் இருந்தாய். நான் பருப்பு வேகவைக்கக் குக்கரைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ அதன் மூடியில் இருந்த றப்பர் வளையத்தைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாய்.

“செல்வி, இந்த வளையத்தை வெறும் தண்ணியில போட்டுக் கொதிக்கவிட்டா என்ன வரும்?”

“றப்பர் மணம் வரும். வேறென்ன?”

“மணம் வருது எண்டா, றப்பருக்குள்ள இருந்த ஏதோ தண்ணிக்குள்ள இறங்கிட்டுது எண்டுதானே.” வளையத்தை மூக்கருகே கொண்டுபோய் மணந்தாய். “ஊத்துத் தண்ணி எடுக்கிற என்ர போத்தலுக்கும் இப்பிடி ஒரு வளையம் இருக்கு.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு உன் எதிரே கதிரையில் இருந்தேன்.

“வெறும் தண்ணியை வைச்சுச் சோதிச்சுப் பாக்கேல்லையோ? நாங்களே இங்க ஒவ்வொரு முறையும் பாக்கிறம்.”

“பாத்தனாங்கள். ஒண்டும் வரேல்லை. ஆனா அது குளிர்ந்த தண்ணி. ஊத்துத் தண்ணி அவ்வளவு கொதி. கொதிக்கிற வெறும் தண்ணியை வைச்சுப் பாக்கேல்லை.”

“ஏன் பாக்கேல்லை?”

“எனக்கு அந்த முடிவு விருப்பமா இருந்தது. அதுதான் காரணம் எண்டு நினைக்கிறன்.”

பழைய போத்தல்களில் எடுத்த நீர் மாதிரிகளை விட, புது வளையம் பூட்டிய போத்தல்களில் கொழுப்பமிலம் கூடுதலாகத் தெரிவதை ஊருக்கு வருகிற வழியில், விமானத்தில் இருந்து கணக்குகளைத் திரும்பப் பார்த்தபோதுதான் கவனித்ததாகச் சொன்னாய். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன்னை நம்பி ஒரு பெரிய திட்டம் தொடங்கியிருந்தது. உன் கீழ் வேலைக்கு எடுத்த இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களுடைய சம்பளம், உன் பதவி, எல்லாமே அந்த முடிவின் மேல் நின்றது.

“விழாவை நிப்பாட்டச் சொல்லட்டோ?” என்று கேட்டேன்.

“அம்மா புதுச் சேலை எடுத்து வைச்சிருக்கிறா” என்றாய்.

உன் அம்மா மறுநாள் அந்தச் சேலையில் முன்வரிசையில் இருந்தார். மேடைக்குப் பின்னால் பெரிய துணியில், ‘உயிரின் தொடக்கம் கண்ட எங்கள் மண்ணின் மகள்’ என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூட அதிபர் அரைமணி நேரத்துக்கு மேல் உன்னைப் புகழ்ந்தார். பெரிய மாலை ஒன்றைப் போட்டார். நீ ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்று அந்தத் துணியைத் திரும்பிப் பார்த்தாய்.

“நான் ஒண்டைச் சொல்லவேணும்” என்று தொடங்கினாய். “பின்னால எழுதியிருக்கிறது உண்மையா எண்டு எனக்குத் தெரியாது. நான் கண்டது பிழையாவும் இருக்கலாம். ஊத்தில இருந்து வந்தது எண்டு நான் நினைச்ச பொருள், நான் கொண்டுபோன போத்தலில இருந்தே வந்திருக்கலாம். திரும்பிப் போய்ச் சோதிச்சாத்தான் தெரியும்.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அதிபர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். உன் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, “என்ன பிள்ளை சொல்லுறாள் இவள்?” என்று கேட்டார். அப்போது நடுவில் இருந்து வயதான ஒரு கமக்காரர் எழும்பினார்.

“அப்ப பிள்ளை, மாலையைத் திருப்பித் தரப் போறீரோ?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நீயும்தான் சிரித்தாய்.

“இல்லை ஐயா, வைச்சிருக்கிறன். கேள்விக்குப் போட்ட மாலை எண்டு நினைச்சுக்கொள்ளுறன்.”

அதற்குப் பிறகு நீ பேசிய ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் நல்ல ஞாபகம். புகழ்ந்து பேசத் தயாராக வந்திருந்தவர்கள் பேச்சை மறந்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். கடலுக்குக் கீழே நெருப்பு எப்படி அணையாமல் இருக்கிறது? அந்த இறாலைச் சாப்பிடலாமா? (மணம் தாங்காது என்றாய்.) உயிர் ஒருமுறைதான் தொடங்கியதா, பல இடங்களில் தொடங்கி அழிந்து, ஒன்றுதான் தப்பியதா? கடைசிக் கேள்வியைக் கேட்டவர் புதுக்குடியிருப்பில் இருந்து வந்த ஒரு தாதி. “தெரியாது” என்றாய். முகம் அப்படி மலர்ந்து ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை.

இரவுச் சாப்பாட்டில் உன் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை.

“ஊர் முழுக்கக் கூட்டி வைச்சு, பிழை எண்டு சொல்லவேணுமோ? அங்க போய்ப் பாத்திட்டுச் சொல்லியிருக்கலாமே.”

“பொய்யா மாலை போட்டுக்கொண்டு நிக்கச் சொல்லுறீங்களோ அம்மா?”

“சரி, ஒண்டு கேக்கிறன். நீ தேடுறதைக் கண்டுபிடிச்சிட்டாய் எண்டு வை. பிறகு பிள்ளையாருக்கு என்ன வேலை?”

“அவர் பாட்டுக்கு இருக்கட்டும். அவரை ஆர் எழுப்பினது?” என்றாய். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் நீ நோர்வேக்குத் திரும்பிய பிறகு என்னிடம், “தன்ர சோத்தில தானே மண்ணள்ளிப் போடப் போறாள்” என்று சொல்லி அழுதார்.

அப்படித்தான் நடந்தது. றப்பர்தான். வளையத்தை வார்க்கும்போதே அதற்குள் ஒரு கொழுப்பமிலம் சேர்க்கிறார்களாம். கொதிக்கும் வெறும் தண்ணீரை அந்தப் போத்தலில் அடைத்து வைத்தபோது, ஊற்று நீரில் நீ கண்ட அதே பொருள் அதிலும் வந்தது. நீயே எழுதி, வெளியான கட்டுரையைத் திரும்பப் பெற்றாய். பேசாமல் இருந்திருந்தால் நெடுங்காலத்துக்கு ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்று உன் கூடவே வேலை செய்தவர்கள் சிலர் கோபப்பட்டார்களாம். திட்டம் நின்றுபோனது. அந்த இளைஞர்களுக்கு வேறு இடம் தேடிக்கொடுக்க நீ அலைந்ததைச் சொல்லும்போது மட்டும் உன் குரல் உடைந்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள் உனக்குக் கப்பல் இல்லை. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தாய்.

அந்த வருடங்களில்தான் நாம் கூடுதலாகப் பேசினோம். நீ என் வேலையைப் பற்றிக் கேட்பாய். வவுனியாப் பக்கத்துக் கிணறுகளில் ஏன் கல்சியம் கூடுதல், பூவரசங்குளத்தில் அடுத்தடுத்த இரண்டு வளவுக் கிணறுகளில் ஏன் இரண்டு சுவை, மழைக்குப் பிறகு ஒன்று மாறி மற்றது மாறாமல் இருப்பது ஏன்? எனக்கு அலுப்பாக இருந்த வேலை, நீ கேட்கக் கேட்க எனக்கே புதிதாகத் தெரிந்தது. “நீ சோதிக்கிற தண்ணியும் எங்கயோ ஒரு கல்லுக்குள்ளால வந்ததுதானே. நானும் நீயும் ஒரே வேலைதான் செய்யிறம். உனக்குச் சத்தி வாறேல்லை, அவ்வளவுதான்” என்றாய்.

பிறகு ஒருநாள், நீ எதிர்பாராத இடத்தில் இருந்து அழைப்பு வந்தது. உன் முதல் முடிவை ஆரம்பத்தில் இருந்தே நம்பாமல், கூட்டங்களில் எழும்பி நின்று உன்னோடு சண்டை பிடித்த ஒரு முதிய பேராசிரியர் இருந்தார் அல்லவா, அவர்தான் தன் கப்பலுக்கு உன்னைக் கூப்பிட்டார்.

“என்ன சொன்னவர் தெரியுமோ?” என்று நீ சிரிப்போடு சொன்னாய். “‘உன்ர முடிவை நீயே உடைச்சனீ. இப்ப வந்து என்ர முடிவை உடைச்சுக் காட்டு பாப்பம்’ எண்டவர்.”

இம்முறை நீங்கள் போனது வேறு வகையான ஊற்றுக்கு. கரும்புகை இல்லை. வெள்ளைக் கோபுரங்கள்போல எழும்பி நிற்கும் இடம், அவ்வளவு கொதிநீரும் இல்லை. போத்தலை நீயே வடிவமைத்தாய். றப்பர் எங்கும் இல்லை. மூடி பொருந்தும் இடத்தில் மெல்லிய தங்கத் தகடு. “எனக்குக் கழுத்துச் சங்கிலி வாங்கச் சொல்லி அம்மா கேட்ட தங்கமெல்லாம் இப்ப கடலுக்குக் கீழ போகுது” என்றாய். போகும் முன் சுடுதண்ணீர், குளிர்தண்ணீர், உப்புத்தண்ணீர் என்று எல்லாவற்றையும் அதில் அடைத்து அடைத்துப் பார்த்தாய். ஒன்றும் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் கப்பல் ஏறினாய்.

நீ திரும்பிவந்து பேசியபோது நான் ஆய்வுகூட வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றேன்.

“செல்வி, முசுறு ஞாபகமிருக்கோ?”

“எந்த முசுறு?”

“உன்னைக் கடிச்ச முசுறடி! அந்த அமிலத்தின்ர வகைதான், அந்தத் தண்ணியில இருக்கு. அதில இருக்கிற காபன் கடல்தண்ணியில இருந்து வரேல்லை, கனகாலமாக் கல்லுக்குள்ள கிடந்த காபன். உயிர் ஒண்டும் செய்யேல்லை. கல்லும் தண்ணியும் சேர்ந்து செய்தது.”

“போத்தல்?”

நீ பெரிதாகச் சிரித்தாய். “அந்தக் கேள்வியை நீ கேப்பாய் எண்டு எனக்குத் தெரியும். போத்தல் இல்லை. அந்த மனுசனும் நானும் மாறிமாறி உடைக்கப் பாத்தனாங்கள். உடையேல்லை.”

“அப்ப அதுதான் தொடக்கமோ?”

“இல்லையடி. ஒரு செங்கல்லுக் கிடைச்சிருக்கு. வீட்டை ஆர் கட்டினது, எப்பிடிக் கட்டினது, ஒண்டும் தெரியாது. செங்கல்லு தானா உண்டாகும் எண்டது மட்டும் தெரிஞ்சிட்டுது.”

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பாதி கேட்கவில்லை. நீ என்னவோ மகிழ்ச்சியில் கத்திக்கொண்டே போனாய். நானும் ஓம், ஓம் என்று கத்தினேன். முதன்முதலில் என்னிடம் நீ கேட்ட கேள்விக்கு அப்போதுதான் சரியான பதில் சொன்னேன் போலிருக்கிறது.

இந்த முறை பத்திரிகையில் சின்னதாகத்தான் போட்டார்கள். விழா எதுவும் இல்லை. உன் அம்மா மட்டும் வழக்கம்போலப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

அதற்குப் பிந்திய கோடைகாலப் பயணங்களில் நீ ஒன்றையும் தவறவிடவில்லை. கடைசியாகப் போனபோதே உனக்குள் நோய் இருந்திருக்கிறது. வாந்தியைக் கப்பலின் தலையில் போட்டுவிட்டாய். கரைக்கு வந்த பிறகும் நிற்கவில்லை என்றபோதுதான் வைத்தியரிடம் போனாய். பிறகு மாரி முழுக்க நாம் கைத்தொலைபேசித் திரையில் முகம் பார்த்துப் பேசினோம். உன் அம்மாவுக்கு அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. நான் உடையார்கட்டுக்குப் போய், அவர் பக்கத்தில் இருந்து தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அம்மாவோடு பேசி முடித்ததும், “செல்வியிட்டக் குடுங்கோ, வேலை விசயம் ஒண்டு” என்பாய். அப்படித்தான் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னாய்.

கடைசிப் பயணத்தில், கரும்புகை ஊற்று ஒன்றின் அருகே ஒரு உலோகப் பெட்டியை வைத்துவிட்டு வந்திருந்தாய். சுற்றிவர வலையடித்த பெட்டி. உள்ளே, எந்த உயிரும் ஒட்டியிராதபடி சூட்டில் வாட்டி எடுத்த கற்கள். வெறும் கல்லில் முதலில் வந்து குடியேறுவது எந்த உயிர், அதற்குப் பிறகு எது, அதை நம்பி எது என்று பார்க்கவேண்டும் உனக்கு.

“எங்கட அப்பாமார் மாதிரி. காடு வெட்டி முதல் வந்தது ஆர் எண்டு பாக்கிற வேலை” என்றாய். மெலிந்த முகத்தில் பழைய சிரிப்பு. “அடுத்த கோடையில எடுப்பினம். நான் இருக்க மாட்டன்.”

“அப்பிடிக் கதைக்காதே.”

“கதைச்சாத்தானே வேலை நடக்கும். என்ர மாணவிதான் எடுக்கப் போறவள். நீ அவளிட்டக் கேட்டுக்கொண்டிரு.”

“நான் கேட்டு என்ன நடக்கப்போகுது? படிச்சவையள் பாத்துக்கொள்ளுவினம்தானே.”

“பாத்துக்கொள்ளுவினம். ஆனா கேக்க ஒரு ஆள் இருந்தாத்தான் சொல்லுறவைக்கும் ஒரு உற்சாகம். இவ்வளவு காலமும் நான் கீழ போனது என்னத்தைக் கண்டாலும் உனக்குச் சொல்லலாம் எண்டுதான்.”

நான் தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன், என் முகம் உனக்குத் தெரியாமல். தை பிறக்கும் முன் நீ போய்விட்டாய். அங்கேயே எரித்தார்கள். உன் அம்மா இப்போது என்னோடு இருக்கிறார்.

கோடை வந்ததும் உன் மாணவிக்கு எழுதினேன். என் அரைகுறை ஆங்கிலத்துக்கு அவள் இவ்வளவு நீண்ட பதில் எழுதுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படமும் அனுப்பியிருந்தாள். கப்பல் போயிருக்கிறது. இயந்திரம் நீ வைத்த இடத்துக்கே இறங்கியிருக்கிறது. அங்கே பெட்டியைக் காணவில்லை. புதிதாக ஒரு புகைபோக்கி எழும்பி நின்றதாம். அதைச் சுற்றி வந்து பார்த்தபோதுதான், கறுத்த கல்லுக்குள் இருந்து உன் பெட்டியின் செம்மஞ்சள் கைபிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஊற்று திசை மாறி, பெட்டியை உள்ளே வைத்துத் தன்னைக் கட்டிக்கொண்டுவிட்டது. கைபிடியில் வெள்ளை நூல்களாக நுண்ணுயிர்கள் படர்ந்திருக்கின்றன. ஒரு சின்ன நத்தையும் இருக்கிறது. பெட்டியை எடுப்பதென்றால் முழுப் புகைபோக்கியையும் உடைக்கவேண்டும், அதில் வாழ்பவை எல்லாம் போய்விடும், அதனால் தொடாமல் வந்துவிட்டோம் என்று எழுதியிருந்தாள். நீ இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய் என்று நம்புகிறாளாம்.

படத்தை உன் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது அவள் வைச்சதோ?” என்று கைபிடியைத் தொட்டுக் கேட்டார். ஓம் என்றேன். “உள்ளுக்க என்ன இருக்கு இப்ப?”

“தெரியாது அம்மா. ஒருத்தருக்கும் தெரியாது.”

சொன்ன பிறகுதான் கவனித்தேன், நான் அதைத் துக்கமாகச் சொல்லவில்லை. உன் அம்மாவும் அப்படிக் கேட்கவில்லை. அன்று பின்னேரமே மாணவிக்கு மறுபடி எழுத உட்கார்ந்தேன். கல் மூடிக்கொண்டால் உள்ளே இருப்பவற்றுக்கு வெந்நீர் எந்த வழியால் போகும்? அந்த நத்தை முதலில் வந்ததா, நூல்கள் முதலில் வந்தனவா? எழுத எழுதக் கேள்விகள் கூடிக்கொண்டே போயின. அம்மா பக்கத்தில் வந்து இருந்து, தனக்கும் ஒன்று கேட்கவேண்டும், அதையும் சேர்த்து எழுது என்றார்.